தேவதை வேண்டாம், தேர்ந்தவர் வேண்டும்!

சென்ற திங்களில் ஒரு விடுமுறை நாள். வீட்டுத் தொலைக்காட்சியில் ‘பாலும் பழமும்’ ஓடிற்று. ஏ. பீம்சிங் இயக்கி 1961ஆம் ஆண்டு வெளிவந்த படம். சிவாஜி கணேசன் மருத்துவர், சரோஜாதேவி செவிலி. புற்றுநோய்க்கு மருந்து காண முனையும் மருத்துவருக்குத் துணை நிற்கிறாள் செவிலி சாந்தி. அவருக்கே மனைவியாகிறாள். காசநோய்க்கு ஆளாகிறாள். தன் நோய் கணவனின் ஆராய்ச்சிக்குத் தடையாகிவிடுமே என்று அஞ்சி வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். அவள் மாண்டாள் என்றே எண்ணி மருத்துவர் மறுமணம் செய்துகொள்கிறார்; பின்னர்ப் பார்வையை இழக்கிறார். நோய் தீர்ந்து திரும்பிய சாந்தி, வேறு பெயர் பூண்டு, பார்வையிழந்த கணவனுக்கே செவிலியாக வந்து நிற்கிறாள்.

என் தாயார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்டை வீட்டு அம்மையாரும் துடைத்துக்கொண்டார். பொய் சொல்வானேன், நானுந்தான்!

ஒருத்தி மட்டும் அழவில்லை. அவள் என் பழைய மாணவி. கடம்பூர் மலையின் சிற்றூர் ஒன்றிலிருந்து இறங்கிவந்து, எங்கள் பள்ளியில் தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, இன்று செவிலியர் இளநிலைப் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருப்பவள். விடுமுறைக்கு வந்தவள் என்னைப் பார்க்க வந்திருந்தாள். படம் முடிந்ததும் மெல்லச் சிரித்தாள்.

“டீச்சர், அந்தம்மா எந்தக் காலேஜ்ல படிச்சாங்கன்னு கடைசி வரைக்கும் யாருமே கேக்கலீங்களே!” என்றாள்.

தோழர்களே! படங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக விமரிசனம் எழுதுகிறோம். நடிப்பு நன்று, பாட்டு நன்று, காட்சி நன்று என்று தராசில் வைத்து நிறுக்கிறோம். அந்த மலைநாட்டு மங்கை ஒரே வாக்கியத்தில் சொன்ன விமரிசனத்திற்கு ஈடான ஒன்றை நான் இதுவரை படித்ததில்லை. இந்தக் கட்டுரை அவள் வாக்கியத்திற்கு நான் எழுதும் உரை, அவ்வளவே.

அவள் சொன்னதன் பொருள் என்ன? திரையிலே செவிலிக்கு அழகு உண்டு, அன்பு உண்டு, தியாகம் உண்டு, கண்ணீர் கடலளவு உண்டு. கல்விதான் இல்லை! மருத்துவரின் அறிவை ஆராய்ச்சிக்கூடமும் கண்ணாடிக் குழாயும் கொண்டு காட்டத் தெரிந்த கலைஞர்களுக்குச் செவிலியின் அறிவைக் காட்ட ஒரு வழியும் தோன்றவில்லை. பாலும் பழமும் ஏந்திய கையைக் கண்டார்கள். நாடி பிடித்த கையைக் காணவில்லை. படம் ஒன்றின் குறையென்றால் பாட்டைக் கேட்டுவிட்டு மறந்துவிடலாம். சமுதாயம் முழுவதும் அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டல்லவா செவிலியரைப் பார்க்கிறது? அதனாலன்றோ எழுதவேண்டியதாயிற்று!

விளக்கும் வரைபடமும்

“கையில் விளக்கேந்திய காரிகை” என்று பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைப் பள்ளிப் புத்தகங்கள் போற்றுகின்றன. நானும் அப்படித்தான் பாடம் நடத்திவந்தேன். கிரிமியப் போர்க்களத்துப் படைவீரர்களுக்குத் தொண்டு செய்ய 1854இல் ஸ்குட்டாரி மருத்துவமனைக்குச் சென்றார், இரவில் விளக்குடன் நோயாளிகளை வலம் வந்தார், இது உண்மை. ஆனால், உண்மையின் பாதி!

போரில் வீரர்களைக் கொன்றது குண்டும் வாளும் மட்டுமல்ல. அழுக்கும் சாக்கடையும் அவற்றால் பரவிய நோயுமே பெருந்தொகையினரைக் கொன்றன என்பதை எண்ணிக் கணக்கிட்டு, 1858இல் வட்ட வடிவ வரைபடமாக வரைந்து ஆட்சியாளர் முன் வைத்தவர் அதே அம்மையார்தான். அந்த ஆண்டே இலண்டன் புள்ளியியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. அக்கழகத்தில் இடம்பெற்ற முதல் பெண்மணி அவர். 1860இல் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர்க்கெனப் பள்ளி தொடங்கினார். இந்திய மண்ணில் கால் வைக்காமலே இங்கிருந்த படையினரின் உடல்நலம் குறித்துத் தகவல் திரட்டி அறிக்கை எழுதினார்.

விளக்கைப் பிடித்த கை ஒன்று. வரைபடம் தீட்டிய கையும் அதுவே. உலகம் விளக்கை வைத்துக்கொண்டு வரைபடத்தை மறந்துவிட்டது. ஏன்? விளக்கேந்திய பெண்ணை வணங்கிவிட்டு வீடு திரும்பலாம். கணக்கேந்திய பெண்ணுக்கோ பதில் சொல்லியாக வேண்டுமே!

நான்கில் ஒருவர்

மேல்நாட்டை விடுங்கள், நம் நாட்டுக்கு வருவோம். திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறது. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, நான்காவதாக ‘உழைச்செல்வான்’. அருகிருந்து மருந்தை இயற்றித் தருபவன் அவன். செவிலியரைத்தான் வள்ளுவர் சொன்னார்! மருத்துவருக்குக் கீழே அடிக்குறிப்பாக வைக்கவில்லை. நான்கு கால்களில் ஒரு காலாக வைத்தார். ஒரு கால் ஒடிந்தால் கட்டில் நிற்குமா?

உரையெழுதிய பரிமேலழகர், அந்த நான்காமவனுக்கு வேண்டிய தகுதிகள் நான்கு என்றார். நோயாளியிடத்து அன்பு, மனமும் சொல்லும் உடலும் தூய்மை, சொன்னதைச் சொன்னவாறே செய்யும் வன்மை, அறிவு. பரிமேலழகரோடு நமக்குப் பல இடங்களில் வழக்கு உண்டு. இந்த இடத்தில் வழக்கில்லை. வழக்கெல்லாம் அவருக்குப் பின்வந்த சமுதாயத்தோடுதான். அந்தச் சமுதாயம் முதல் மூன்றையும் இறுகப் பிடித்துக்கொண்டு நான்காவதை நழுவவிட்டது! அன்பாயிரு என்றது, தூய்மையாயிரு என்றது, சொன்னதைச் செய் என்றது. அறிவோடிரு என்று மட்டும் சொல்ல நா எழவில்லை.

அதற்கும் ஒரு காரணம் உண்டு. பிறர் குருதியும் சீழும் மலமும் தொடுவது ‘தீட்டு’ என்று கற்பித்த சமூகம் இது. பிள்ளைப்பேறு பார்க்க மருத்துவச்சி வேண்டும். பார்த்து முடித்ததும் அவள் புழக்கடை வழியே போகவேண்டும். உயிரைக் கையில் ஏந்திக் கொடுத்தவளுக்கு உள்வீட்டில் இடமில்லை! தொடுவதையே தாழ்வென்று கருதிய நாட்டில், தொட்டுக் காக்கும் தொழில் எப்படிக் கல்வியாகக் கருதப்படும்?

ஆயினும் கல்வி வளர்ந்தது. சென்னை அரசுப் பொது மருத்துவமனை 1871இல் செவிலியரைப் பயிற்றும் முயற்சியைத் தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையாரின் முயற்சியால் 1909இல் செவிலியர் பள்ளி எழுந்தது. 1926இல் சென்னை மாகாணம் செவிலியரையும் மருத்துவச்சியரையும் பதிவு செய்யச் சட்டம் இயற்றியது. 1946இல் வேலூரிலும் டில்லியிலும் செவிலியர் பட்டப்படிப்பே தொடங்கியது. அதே 1946இல் அறிக்கை தந்த போர் குழு, பிரிக்கப்படாத இந்தியா முழுவதிலும் செவிலியர் ஏறத்தாழ 7,000 பேரே என்று கணக்குக் காட்டிற்று. 43,000 மக்களுக்கு ஒரு செவிலி! அடுத்த ஆண்டு இந்தியச் செவிலியர் மன்றத்திற்கான சட்டம் வந்தது. ஆகவே, இந்த நாட்டில் செவிலியர் பட்டக் கல்விக்கு முக்கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட வயது. பட்டம் உண்டு, பாடநூல் உண்டு, பல்கலைக்கழகம் உண்டு. ஆனாலும், “நர்ஸ் வேலைக்குப் படிப்பெதற்கு?” என்று கேட்கும் வாய்கள் இன்னும் ஓயவில்லை.

படிப்பெதற்கு?

எதற்கென்று சொல்கிறேன். ஒரு லிட்டர் உப்பு நீரை எட்டு மணி நேரத்தில் நரம்பு வழியே ஏற்ற வேண்டும். குழாயில் ஒரு மில்லி லிட்டருக்கு 20 சொட்டு. நிமிடத்திற்கு எத்தனை சொட்டு? என் மாணவி காகிதம் கேட்கவில்லை. “42ங்க, டீச்சர்” என்றாள். நான் எழுதிப் பார்த்தேன். இருபதாயிரம் சொட்டை 480 நிமிடத்தால் வகுத்தால் ஏறத்தாழ 42. நடுநிலைப் பள்ளிக் கணக்குத்தான். ஆனால் இந்தக் கணக்குத் தவறினால் மதிப்பெண் குறையாது; நலிந்த இதயமுடைய முதியவருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

இன்னொன்று. பிள்ளை பிறந்துவிட்டது; வீட்டார் சர்க்கரை வழங்குகிறார்கள். தாயின் கருப்பை இறுகாமல் தளர்ந்து கிடக்கிறது, குருதி பெருகுகிறது. அரை லிட்டரைத் தாண்டினால் அஃது ஆபத்து. வயிற்றில் கைவைத்துத் தளர்ச்சியை உணர வேண்டும். கருப்பையைத் தேய்த்து இறுக்க வேண்டும். ஆக்சிடோசின் மருந்து ஆயத்தமாக வேண்டும். மருத்துவரை அழைக்க வேண்டும். இவ்வளவும் நிமிடங்களுக்குள். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். அந்த வளைவுகளுக்கு மேலே ஒரு தாய்க்குக் குருதி பெருகுமானால், அருகிருக்கும் செவிலியின் விரல் நுனியில்தான் அவள் உயிர் இருக்கிறது. அன்பு அழும், அறிவுதான் குருதியை நிறுத்தும்.

இது வெறும் வாதமன்று. ஐரோப்பிய நாடுகள் ஒன்பதில், 300 மருத்துவமனைகளில், அறுவை செய்துகொண்ட நான்கு இலட்சத்து இருபதாயிரத்திற்கு மேற்பட்ட நோயாளிகளின் கணக்கை ஆராய்ந்து, லிண்டா எய்கன் அம்மையாரும் அவர் குழுவினரும் 2014இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டனர். பட்டம் பெற்ற செவிலியரின் பங்கு பத்து விழுக்காடு கூடியிருக்கும் இடத்தில், நோயாளி முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு ஏழு விழுக்காடு குறைந்திருந்தது. ஒரு செவிலியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடுதலானால், அந்த வாய்ப்பு ஏழு விழுக்காடு கூடியிருந்தது. படிப்பெதற்கு என்போர் இந்த இரண்டு ஏழுகளுக்கும் விடை சொல்லட்டும்!

ஏடும் கட்டிலும்

அப்படியானால் இன்றைய படிப்பு குறைவற்றதா? இல்லை. பாடத்திட்டமும் ஒரு நூல்தான். அதையும் விமரிசிக்க வேண்டும்.

நான்காண்டுப் பட்டப்படிப்பின் பாடத்திட்டத்தை இந்தியச் செவிலியர் மன்றம் திருத்தியமைத்து 2021இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. எட்டுப் பருவங்கள். உடற்கூறு, உடலியக்கம், உயிர்வேதியல், உளவியல், சமூகவியல், உணவியல், மருந்தியல், நோய்க்கூறு, குழந்தை நலம், மனநலம், மகப்பேறு, சமுதாய நலம், ஆராய்ச்சி, மேலாண்மை என்று விரிகிறது. தகவல் தொழில்நுட்பம் உண்டு. தடயவியல் சார்ந்த செவிலியமும் உண்டு. உயிருள்ள உடலைத் தொடுமுன் பொம்மை உடலில் பழக ஆய்வகம் வேண்டும் என்கிறது. மனப்பாடத்தை அளப்பதோடு செய்திறனையும் அளக்கச் சொல்கிறது. கடைசிப் பருவத்தைக் களப் பயிற்சிக்கே ஒதுக்கியிருக்கிறது. பாராட்டுகிறேன். தாளில் இது நல்ல நூல்.

தாளிலிருந்து கட்டிலுக்கு வரும்போதுதான் சிக்கல்! என் மாணவியைக் கேட்டேன்: “நாளைக்கே ஒரு வார்டை உன்னிடம் ஒப்படைத்தால் தாங்குவாயா?” அவள் சற்று நேரம் பேசவில்லை.

“புக்குல இருக்கறது எல்லாம் சொல்லிருவனுங்க, டீச்சர். ரெக்கார்டு நோட்டு எத்தனை எழுதியிருக்கறோம்! படம் வரைஞ்சு, கலர் குடுத்து, அட்டை போட்டு. ஆனா, ஊசி போட ஒரு கை வேணுமே, அது எட்டுப் பேருக்கு ஒண்ணுதான் கெடைக்கும். ஒருத்தி போடுவா, மத்தவங்க பாத்துட்டு நோட்டுல எழுதிக்குவோம்” என்றாள்.

அவள் படிக்கும் கல்லூரியின் பெயர் வேண்டாம்; பெயர் சொன்னால் அஃது ஒரு கல்லூரியின் கதையாகிவிடும். செய்து கற்க வேண்டியதை எழுதிக் கற்பது நம் நாட்டுக் கல்வியின் பழைய நோய். ஆசிரியை நான், அந்த நோயில் எனக்கும் பங்குண்டு. நானும் அறிவியல் சோதனைகளைக் கரும்பலகையில் ‘செய்து’ காட்டியவள்தான். ஆனால் என் வகுப்பில் அதனால் யாரும் சாவதில்லை!

மற்றொரு குறை மொழி. முதல் பருவத்திலேயே ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி பாடமாக இருக்கிறது. இருக்கட்டும், மருந்துச் சீட்டும் மருத்துவ நூலும் ஆங்கிலத்தில் இருக்கும்வரை அது வேண்டும். நோயாளியின் மொழிக்குப் பாடம் எங்கே? “மேலுக்கு முடியலீங்க”, “கிறுகிறுன்னு வருதுங்க”, “நெஞ்சு கரிக்குதுங்க” என்று எங்கள் கொங்குப் பாட்டி சொல்வதை எந்த நோய்க்குறியாக எழுதுவது? தாளவாடியிலிருந்து கன்னடம் பேசிக்கொண்டு வருபவரிடம் எப்படி விளக்குவது? ஊராளியும் சோளகரும் தம் வலியைத் தம் சொல்லில்தானே சொல்வர்? தமிழ் வழியில் பயின்ற பெண்கள் முதலாண்டு முழுதும் ஆங்கிலத்தோடு போராடுகிறார்கள். அவர்களிடம் ஏற்கெனவே உள்ள செல்வம், நோயாளியின் நாவை அறிந்த செல்வம், மதிப்பெண் பட்டியலில் ஏறவே இல்லை. மலையில் பிறந்த என் மாணவி கல்லூரியில் ‘ஆங்கிலம் வராதவள்’. மலையிலிருந்து நோயாளி வந்தால் அவளைத்தான் தேடி அழைக்கிறார்களாம்!

மூன்றாவது குறை கற்பித்த கைக்கும் பணி செய்யும் கைக்கும் இடையிலுள்ள பிளவு. கல்லூரியில் கற்பிப்பவர் வார்டில் பணியாற்றுவதில்லை. வார்டில் பணியாற்றுபவர்க்குக் கற்பிக்க நேரமில்லை. பயிற்சி மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலி, பிற மருத்துவமனையில் ஐந்துக்கு ஒருவர் என்பது செவிலியர் மன்றத்தின் அளவுகோல். இரவு நேரத்தில் எந்த மருத்துவமனைக்காவது சென்று எண்ணிப் பாருங்கள், தோழர்களே! அளவுகோல் ஏட்டில் இருக்கும். முப்பது கட்டிலுக்கு நடுவே ஒரு பெண் ஓடிக்கொண்டிருப்பாள். கல்லூரியில் கற்ற நெறிக்கும் களத்தில் காணும் நிலைக்கும் உள்ள இடைவெளியில் புதிய செவிலியர் உடைந்துபோவதைப் பற்றி அமெரிக்காவின் மார்லின் கிரேமர் அம்மையார் 1974லேயே நூல் எழுதினார். அரை நூற்றாண்டு ஓடியும் இங்கே அந்த இடைவெளியில் பாலம் கட்டினோமா?

தேவதைக்கு ஊதியம் எதற்கு?

இப்போது ‘தேவதை’ என்ற சொல்லுக்கு வருகிறேன். பெருந்தொற்றுக் காலத்தில் செவிலியரை ‘வெள்ளுடைத் தேவதைகள்’ என்றோம். கைதட்டினோம், பூத்தூவினோம். அழகிய சொல்தான். ஆனால் தேவதைக்குப் பசிக்காது, தேவதைக்கு வாடகை வீடில்லை, கல்விக் கடனில்லை, கால் வலிக்காது, ஓய்வு வேண்டாம். ஆகவே ஊதியமும் வேண்டாம்! புகழுரையில் இவ்வளவு சிக்கனம் புதைந்திருக்கிறது.

2016 சனவரி 29இல் உச்ச நீதிமன்றம் தனியார் மருத்துவமனைச் செவிலியரின் நிலையை ஆராயக் குழு அமைக்கச் சொன்னது. 200 படுக்கைக்கு மேற்பட்ட மருத்துவமனையில் அரசுச் செவிலியர்க்கு நிகரான ஊதியம். 50 படுக்கைக்குட்பட்ட சிறிய மருத்துவமனையிலும் திங்களுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்றது குழு. பரிந்துரைதான், பல இடங்களில் பரிந்துரையாகவே நிற்கிறது. அரசு மட்டும் முன்மாதிரியா? தமிழ்நாட்டில் 2015இல் தேர்வெழுதி வென்று ஒப்பந்த அடிப்படையில் சேர்ந்த செவிலியர்க்குத் திங்கள் ஊதியம் 7,700 ரூபாய்! 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் மருத்துவ இயக்கக வளாகத்தில் கூடிப் போராடினார்கள். பின்னர்த் தொகை உயர்ந்தது. போராடிய பிறகே உயர்ந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். “நோயாளியை விட்டுவிட்டுத் தெருவில் நிற்கலாமா?” என்று அன்று கேட்டவர்கள், தேவதை மண்ணில் கால் ஊன்றியதைப் பொறுக்காதவர்கள்.

அன்பு வேண்டாமா, தொண்டுள்ளம் வேண்டாமா என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. அன்பற்ற அறிவு நோயாளியைக் கட்டில் எண்ணாக்கிவிடும்; அதை நாம் கேட்கவில்லை. ஆனால் அன்பும் ஆகாயத்திலிருந்து வருவதன்று. முப்பது பேரை ஒருத்தி பார்த்தால் யாரிடம் அன்பு காட்டுவாள்? பாதி ஊதியத்தில் இரட்டை முறை வேலை செய்பவளின் முகத்தில் புன்னகையை எப்படித் தேடுவீர்? அறிவும் ஆள்பலமும் ஊதியமும் தந்து பாருங்கள். அன்பு தானே மலரும்.

ஒரு தந்தையின் கேள்வி

இவ்வளவும் நான் எழுதக் காரணம் இன்னொருத்தி. இவ்வாண்டு என் வகுப்பில் பன்னிரண்டாவது படிக்கும் பெண். தாயும் தந்தையும் மல்லிகை பறிக்கும் கூலித் தொழிலாளர். செவிலியர் படிப்பில் சேர வேண்டுமென்பது அவள் ஆசை. தந்தையார் பள்ளிக்கு வந்தார்.

“நர்சு வேலைக்கு விட்டா நாளைக்கு எவனுங்க இவளைக் கட்டிக்குவான்? ராத்திரியெல்லாம் ஆஸ்பத்திரியில கெடக்கோணும்னு சொல்றாங்களே!”

நான் கேட்டேன்: “ஐயா, உங்கள் வீட்டம்மா பூப்பறிக்க எத்தனை மணிக்குப் போகிறார்?”

“மூணு மணிக்குங்க.”

“பகலா, இரவா?”

அவர் தலைகுனிந்தார். சினமாக அல்ல, சிந்தனையாக. பூவுக்காக இருட்டில் நடக்கும் பெண்ணுக்கு இல்லாத பழி, உயிருக்காக விழித்திருக்கும் பெண்ணுக்கு மட்டும் எப்படி வந்தது? “யோசிச்சுச் சொல்றனுங்க” என்று சென்றிருக்கிறார். அவர் மறுபடி வருவார். அன்று, “சேர்த்துவிடுங்கள்” என்று நான் சொல்லத்தான் போகிறேன். ஆனால், சொல்லும் என் வாய்க்கு இந்தச் சமுதாயம் பின்னால் நிற்க வேண்டுமே!

ஆகவே கேட்கிறோம். பட்டம் பெற்ற முதல் சில திங்கள், புதிய செவிலியர் ஒவ்வொருவருக்கும் தேர்ந்த மூத்த செவிலியர் ஒருவர் வழிகாட்டியாக அருகில் நிற்க வேண்டும். அந்த வழிகாட்டலைப் பணியாகக் கணக்கிட்டு, அதற்கான நேரமும் ஊதியமும் மூத்தவர்க்குத் தர வேண்டும். கற்பிப்போர் வார்டிலும் பணியாற்ற வேண்டும். வார்டில் பணியாற்றுவோர் கற்பிக்கவும் இடம் வேண்டும். ரெக்கார்டு நோட்டின் அட்டையை அல்ல, மாணவியின் கையை மதிப்பிட வேண்டும். நோயாளியின் தமிழுக்கும் மலைமக்களின் மொழிக்கும் பாடத்திட்டத்தில் இடம் வேண்டும். 2016இன் பரிந்துரை சட்டமாக வேண்டும். ஆண்களும் பெருவாரியாக இத்தொழிலுக்கு வரவேண்டும். வள்ளுவர் சொன்ன உழைச்செல்வான் ஆண்பாற் சொல்தான் என்பதை நினைவூட்டுகிறேன்!

இதழ் நடத்தும் இளைஞர்களே, கதை எழுதும் தோழர்களே, படம் எடுக்கக் கனவு காணும் தம்பிகளே! அடுத்த முறை செவிலி ஒருத்தியைக் கதையில் கொண்டுவரும்போது, அவள் யாரைக் காதலித்தாள் என்பதோடு நிறுத்தாதீர்கள். எங்கே படித்தாள், எப்படிப் படித்தாள், எத்தனை கட்டிலுக்கு நடுவே நிற்கிறாள், என்ன ஊதியம் பெறுகிறாள் என்றும் கேளுங்கள். என் மாணவி கேட்கச் சொன்னது அதைத்தான்.

விடுமுறை முடிந்து அவள் பேருந்து ஏறிவிட்டாள். இன்னும் சில திங்களில் பட்டம் பெற்று ஏதோ ஒரு மருத்துவமனையின் இரவுப் பணியில் நிற்பாள். அவள் முன்னால் கிடப்பது நானாக இருக்கலாம், நீங்களாக இருக்கலாம். அந்த இரவில் நமக்கு வேண்டியது விளக்கேந்திய தேவதையல்ல. நாற்பத்திரண்டு சொட்டை எண்ணத் தெரிந்த மனிதர்!